எறும்பு ஏறிய அழகுப் பெட்டி

"பல்லக் கடிக்காத பஹீகா. பல் டாக்டருக்குத்தான் லாபம்" என்றார் என் பாஸ் ஷாஹிந்தா.

கடிக்காமல் என்ன செய்வதாம்? எதிரே, காவல் நிலையத்துப் பெஞ்சில், கையில் விலங்கோடு பஸ்யூனி மாமா உட்கார்ந்திருந்தார். ஸஹ்ரா கட்டடத்துக் காவலாளி. அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருஷமாக அந்த ஒன்பது மாடிக்கும் ரொட்டி, காஸ் சிலிண்டர், கூரியர் பார்சல், கல்யாணப் பத்திரிகை எல்லாமே இவர் கை வழியாகத்தான் ஏறியிருக்கின்றன. அலெக்சாண்ட்ரியாவில் எந்தக் கூரியர்காரன் படி ஏறினான்? கீழே காவலாளி அறையில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். அந்த வழக்கம்தான் மனிதரைக் கொண்டுவந்து இங்கே உட்கார வைத்திருந்தது.

விஷயம் இதுதான். ஐந்தாம் மாடி தௌலத் மேடத்தின் ஒரே மகள் மயாதாவுக்கு வியாழக்கிழமை கல்யாணம். இன்று திங்கள். நேற்றுக் காலை அந்தப் பெண் முகம் வெந்து எழுந்தாள். கன்னம் இரண்டும் தோலுரிந்து, கண் இடுங்கிப் போயிருந்தது. முந்தின இரவு அவள் தடவியது, புதிதாகச் சந்தா கட்டி வரவழைத்த அழகுப் பெட்டியிலிருந்த இரவு க்ரீம். மாதம் ஒரு பெட்டி வரும். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. திறந்து பார்த்துப் பூரித்துப் போக வேண்டியது. 'கமரியா' என்று பெயர். கம்பெனிக்காரி போனிலேயே கை கழுவிவிட்டாள்: முந்நூறு பெட்டி அனுப்பினோம், ஒரு புகார் கிடையாது, எங்கள் டப்பி முத்திரையோடுதான் கிளம்பியது, நடுவில் யார் கையில் இருந்தது என்று பாருங்கள்.

நடுவில் ஒரு ராத்திரி இருந்தது பஸ்யூனி மாமா அறையில். போதாதா? 'லிஃப்ட் பழுதான அன்று எல்லார் எதிரிலும் அவனைக் கழுதை என்று திட்டினேன், அந்த வஞ்சத்தில் எதையோ கலந்துவிட்டான்' என்று தௌலத் மேடம் எழுதிக் கொடுத்துவிட்டார். திட்டினது இவர், வஞ்சம் அவருக்காம்! ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று சும்மாவா சொன்னார்கள்?

துப்பறியும் ஆபீஸ் நடத்துகிற எங்களைக் கூப்பிட்டது மயாதா. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் குசுகுசுவென்று பேசினாள். "மாமா செய்யல. என்னைத் தோள்ல தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போனவர் அவரு. யாரு செஞ்சாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. யாரா இருந்தாலும் சரி."

மேஜர் வஸ்ஃபி நாற்காலியில் சாய்ந்து தேநீரை உறிஞ்சினார். "ரெண்டு மணிக்கு அரசு வக்கீல்கிட்ட அனுப்பிருவேன். அதுக்கப்புறம் என் கையில இல்ல மேடம்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். மேஜையில் மாமாவிடமிருந்து பிடுங்கிய சாமான்கள் கிடந்தன. ஜெபம் எண்ண ஒரு தஸ்பீஹ் மணி, பாதி சிகரெட் பாக்கெட், இரும்பு வளையத்தில் பெரிய சாவிக் கொத்து.

பாஸ் மாமாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருஷம் துறைமுகச் சுங்கத்தில் பெட்டி திறந்து பார்த்தவர். பெட்டி பொய் சொல்லாது, கட்டினவன்தான் சொல்வான் என்பது அவருடைய வேதம்.

"பெட்டி வந்ததுலேருந்து எதுனா வித்தியாசமாப் பட்டுச்சா மாமா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல உஸ்தாஸா. புதன் ராத்திரி வந்துச்சு. வியாழன் காலைல மேல குடுத்தேன். அவ்ளோதான்." நெற்றியைச் சுருக்கினார். "சனிக்கிழமை சாயங்காலம் பாப்பா இன்டர்காம்ல கூப்பிட்டுச்சு. குளியலறையில எறும்பு மொய்க்குது மாமா, மருந்து இருக்கான்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன்."

"குளியலறையிலயா?"

"எறும்புக்கும் வியாழக்கிழமை கல்யாணமா இருக்கும், குளிக்க வந்திருக்கும்" என்றேன்.

பாஸ் சிரிக்கவில்லை. எழுந்து மேஜரிடம் போனார். "அந்த டப்பியைக் காட்டுங்க."

பிளாஸ்டிக் பைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைக் கண்ணாடி டப்பி. மூடியின் மேல் குறுக்காக ஒட்டிய வெள்ளிக் காகிதப் பட்டைதான் முத்திரை. மயாதா திறந்தபோது அது நடுவில் கிழிந்துவிட்டது. கிழிந்த பட்டையின் ஓரத்தில் நாலைந்து எறும்புகள் ஒட்டிச் செத்துக் கிடந்தன. பாஸ் பையைத் திறந்து மூக்கை வைத்தார்.

"சர்க்கரை. எலுமிச்சை" என்றார் மெல்ல. "முத்திரையை யாரோ பிரிச்சுட்டுத் திரும்ப ஒட்டியிருக்காங்க. பசை கிடைக்காம ஹலாவால ஒட்டியிருக்காங்க."

எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. ஹலாவா என்றால் சர்க்கரையும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சிய பாகு. உருட்டி, தோலில் தேய்த்து, சுரீரென்று இழுத்தால் முடி வேரோடு வரும். கல்யாணப் பெண்ணுக்குத் தலையும் புருவமும் தவிர வேறெங்கும் ஒரு முடி இருக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். துப்பு கிடைத்துவிட்டது என்று நான் வாயைத் திறப்பதற்குள் மேஜர் 'ஹோ'வென்று சிரித்தார்.

"ரொம்ப நன்றி மேடம்! என் வேலையை நீங்களே முடிச்சுட்டீங்க. இந்த ஆளு பொண்டாட்டி கரீமா என்ன தொழில் பண்றா தெரியுமா? அந்தக் கட்டடம் பூரா ஹலாவா போட்டு விடறதே அவதான்!" கான்ஸ்டபிளைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ரெண்டு மணிக்கு ஒருத்தர் இல்லப்பா, ரெண்டு பேரு. அந்தம்மாவையும் கூட்டிட்டு வா."

பஸ்யூனி மாமா என்னைப் பார்த்தார். காப்பாற்ற வந்தவர்கள் குழி வெட்டிக் கொடுத்ததைப் பார்க்கிற பார்வை. எனக்குத் தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

"ரெண்டு மணி வரைக்கும் நேரம் குடுங்க மேஜர்" என்றார் பாஸ். "அவங்களை நானே கூட்டிட்டு வர்றேன். எங்கயும் ஓட மாட்டாங்க."

டாக்ஸி பிடித்தோம். பாஸ் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கரீமா அக்கா படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற ஒற்றை அறையில், அடுப்புப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"விசாரிக்க வந்தீங்களா? விசாரிங்க. அவங்க வீட்டுப் பொம்பளைங்க கால் முடிய இந்தக் கையாலதான் பிடுங்கினேன். இப்ப என் புருஷனைப் பிடுங்கறாங்க."

"ஹலாவா எங்க வச்சிருக்கீங்க அக்கா?" என்று கேட்டார் பாஸ்.

கரீமா மூலையைக் காட்டினாள். மண் கிண்ணம் ஒன்று, தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் தீவு மாதிரி இருந்தது.

"தண்ணி எதுக்கு?" என்று கேட்டேன். கேட்டதும் நானே வெட்கப்பட்டேன்.

"எதுக்கா? எறும்பு வராம இருக்கத்தான். ஹலாவாவ ரெண்டு மணி நேரம் சும்மா வச்சுப் பாரு, ஊரே திரண்டு வந்துரும்."

பாஸ் அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். கதவில் 'லிஃப்ட் பழுது' என்று எழுதி ஒட்டிய காகிதம். அதன் மூலையை நகத்தால் தூக்கிப் பார்த்தார். "இது யாரு ஒட்டினது?"

"நான்தான். மைதா கரைச்சு ஒட்டினேன்."

"கடைசியா மேல எப்ப, யாருக்குப் போட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை, மயாதாக் குட்டிக்கு. உடம்பு, முகம், எல்லாம். மூணு நாளைக்கு முகத்துல ரோஸ் வாட்டர் தவிர ஒண்ணும் தடவக் கூடாது, தோலு பச்சையா இருக்கும்னு அம்மா, பொண்ணு ரெண்டு பேருகிட்டயும் சொன்னேன். கேட்டாத்தானே?" கரீமா திரும்பி நின்றாள். "வேலை முடிஞ்சதும் கிண்ணத்தை எடுத்துட்டு வந்துட்டேன். ஒரு உருண்டை ரெண்டு உருண்டை எல்லா வீட்டுலயும் நிறுத்திக்குவாங்க, நான் கணக்குப் பாக்கறதில்ல."

லிஃப்ட் இன்னும் பழுது. ஐந்து மாடி ஏறினோம். மூச்சு வாங்க மணியை அழுத்தினேன்.

தௌலத் மேடம் கதவைக் கால்வாசி திறந்தார். வீட்டுக்குள்ளேயே கழுத்தில் மூன்று சங்கிலி. "போலீஸ்தான் பாத்துக்கிட்டு இருக்கே. உங்களுக்கு என்ன வேலை இங்க?"

"நான் வரச் சொன்னேன்மா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

மயாதா வந்தாள். முகம் முழுக்க மருந்துத் துணி, கண்ணும் வாயும் மட்டும் வெளியே. சோபாவில் உட்கார்ந்து போனை நீட்டினாள். "வியாழக்கிழமை பெட்டியைத் திறக்கறப்போ வீடியோ எடுத்தேன். சினேகிதிங்களுக்கு அனுப்ப."

பார்த்தோம். நாலு நாள் முந்தைய மயாதா, முழு முகத்தோடு, கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ரிப்பனை அவிழ்த்தாள். அழகான கோதுமை நிறப் பெண். உதட்டுச் சாயத்தைப் பூசி, "இது எனக்கா, எங்க வாத்தியாரம்மாவுக்கா?" என்று முகத்தைச் சுளித்தாள். பன்னீரைப் பீய்ச்சித் தும்மினாள். ஈரத் துணி முகமூடியை ஒட்டிக்கொண்டு, கையை நீட்டி மம்மி மாதிரி நடந்து, சிரிப்பு தாங்காமல் விழுந்தாள். கடைசியில் அந்த வெள்ளை டப்பியை எடுத்தாள்.

"இதுதான் ராணி. சனிக்கிழமை ராத்திரி திறப்பு விழா. பாருங்க, வெள்ளி முத்திரை! கலராக்கற க்ரீம் எல்லாம் இல்ல, ஈரப்பசைக்கு மட்டும்தான், கலர் மாத்தறது எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்." டப்பியின் மூடியைக் கேமரா பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"நிறுத்து" என்றார் பாஸ். படம் நின்றது. பட்டை கோடு போட்ட மாதிரி நேராக, அழுத்தமாக ஒட்டியிருந்தது. கிழிசல் இல்லை. எறும்பு இல்லை.

"மாமா குடுத்தப்போ முத்திரை உடையல!" என்று கத்தினேன். "மாமா தப்பிச்சாரு!"

"மாமா தப்பிச்சாரு" என்றார் பாஸ். "அக்கா மாட்டிக்கிட்டாங்க. வெள்ளிக்கிழமை ஹலாவாவோட இங்க வந்தது அவங்கதான். மேஜர் அதைத்தான் சொல்லுவாரு."

"அதான் நானும் சொல்றேன்!" தௌலத் மேடம் முழங்கினார். "புருஷன் இல்லேன்னா பொண்டாட்டி. ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டைங்க. பாவம்னு வீட்டுக்குள்ள விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

பாஸ் மயாதாவின் பக்கம் திரும்பினார். "எறும்பு இன்னும் இருக்கா?"

"இருக்கு. டப்பியைப் போலீஸ் எடுத்துட்டுப் போன பிறகும் போகல."

"போகலையா?" பாஸின் குரல் மாறியது. "சர்க்கரை போயிடுச்சு. எறும்பு ஏன் போகல? பஹீகா, முட்டி போடு."

போட்டேன். நாற்பத்து மூன்று வயதில், மஞ்சள் பளிங்குத் தரையில், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு எறும்புக்குப் பின்னால் போகிற தொழில் என் தலையில் எழுதியிருந்தது. குளியலறை அலமாரியிலிருந்து வரிசை இறங்கியது. வாசற்படி தாண்டி, நடைக்கூடத்துச் சுவரோரமாக, கம்பளத்துக்கு அடியில் நுழைந்து வெளியே வந்து, ஒரு மூடிய கதவின் கீழ் இடுக்கில் புகுந்தது.

கதவுக்கு முன்னால் இரண்டு தங்கச் செருப்புகள் வந்து நின்றன. நிமிர்ந்து பார்த்தேன். தௌலத் மேடம்.

"இது என் படுக்கையறை. கண்டவங்க எல்லாம் நுழையறதுக்கு இது ட்ராம் ஸ்டேஷன் இல்ல."

"நாங்க எங்க நுழையறோம்?" என்றேன் தரையிலிருந்தபடி. "உங்க விருந்தாளிங்கதான் நுழையறாங்க. கூடத் துணைக்குப் போறோம்."

"மயாதா! இவங்களை வெளிய அனுப்பு!"

மயாதா எழுந்து வந்தாள். அம்மாவைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவைத் தள்ளினாள்.

வரிசை கட்டிலைச் சுற்றி, அலமாரியின் கீழ் இழுப்பறைக்குள் ஏறியது. பூட்டியிருந்தது. மயாதா கையை நீட்டினாள். "சாவி."

"கண்ணு, அது என் நகை..."

"எறும்பு நகை திங்காதும்மா. சாவி."

உள்ளே நீல நிற பிஸ்கட் டின் ஒன்று. எங்கள் ஊரில் அந்த டின்னில் பிஸ்கட் இருந்ததை யாரும் பார்த்ததில்லை, ஊசியும் நூலும்தான் இருக்கும். இதில் மூன்று பொருள்கள் இருந்தன. பிளாஸ்டிக் தாளில் சுற்றின ஹலாவா உருண்டை, கறுத்துப் போய், எறும்பு மொய்த்து. தட்டால் மூடின காப்பிக் கோப்பை, அது நிறைய ரோஜா வாசனையோடு வெள்ளை க்ரீம். பெயரோ லேபிளோ இல்லாத ஒரு தட்டை டப்பா, அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பாஸ் கோப்பையை எடுத்து மயாதாவிடம் நீட்டினார். "இதுதான் உன் பெட்டியில வந்த க்ரீம். வழிச்சு எடுத்துட்டு டப்பியில வேற போட்டிருக்காங்க. ஆனா விலை உசந்த க்ரீமைக் கொட்ட மனசு வரல, கோப்பையில எடுத்து வச்சுட்டாங்க." டப்பாவை முகர்ந்தார். "இது கலராக்கற மருந்து. கடையில பேரில்லாம விக்கறது. பச்சைத் தோல்ல போட்டா நெருப்பு."

"கரீமாதான் இதை இங்க வச்சிருப்பா!" என்றார் தௌலத் மேடம். குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"உங்க பூட்டுக்குள்ளயா மேடம்?" என்றார் பாஸ். "முத்திரையைப் பாத்த நிமிஷமே எனக்கு இடிச்சுது. கரீமா ஹலாவாவைத் தண்ணிக்கு நடுவுல வச்சிருக்கா. காகிதம் ஒட்டறதுக்கு மைதா கரைக்கிறா. தினமும் அதைக் காய்ச்சறவளுக்கு அது எறும்பைக் கூப்பிடும்னு தெரியும். அடுத்தவ காய்ச்சினதை வாங்கிப் போட்டுக்கறவங்களுக்குத்தான் அது வெறும் பசை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு வந்தது எல்லாம் ஒரே மூச்சில்.

"நான் பெத்தவ! கெடுதலா நினைப்பேன்? நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளையோட அம்மா என்ன சொன்னா தெரியுமா? என் பையன் பால், பொண்ணு வறுத்த கடலைன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்! வாங்கிக் குடுத்த க்ரீமை எல்லாம் நீ குப்பையில போட்ட. அந்தப் பெட்டியை மட்டும் நம்பின. ஒரே ஒரு ராத்திரி போட்டா மேடையில பளிச்சுனு இருப்பேன்னு நினைச்சேன்டி. இப்படி ஆகும்னு கண்டேனா?"

அவர் அழுதது நிஜம். நானே என் கைக்குட்டையை நீட்டப் போனேன்.

மயாதா அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பஸ்யூனி மாமாவை ஏம்மா?"

தௌலத் மேடம் மூக்கைத் துடைத்தார். "பின்ன யாரைச் சொல்றது? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போகாதா? அவன் காவலாளிதானே. ரெண்டு நாள் வச்சிருந்துட்டு விட்டுருவாங்க."

என் கைக்குட்டை அப்படியே பைக்குள் திரும்பிப் போனது. காவலாளிதானே! அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அந்தப் பெண்மணியை மேடம் என்று சொல்ல என் வாய் மறுத்துவிட்டது. பாஸ் என் தோளில் கை வைத்திருக்காவிட்டால் வேறொரு வழக்கும் அன்று பதிவாகியிருக்கும்.

மயாதா மருந்துத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். ஒவ்வொரு சுற்றாக, மெதுவாக. கடைசிச் சுற்று சதையோடு ஒட்டியிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். செக்கச் செவேலென்று வெந்த முகம்.

"கெளம்பு. இதே முகத்தோட உன் பக்கத்துல நிக்கறேன். நீயே உன் வாயால சொல்லு. இல்லேன்னா நான் சொல்லுவேன், போலீஸ்ல மட்டும் இல்ல, மாப்பிள்ளை வீட்டு வாசல்லயும்."

ஐந்து மாடியும் தௌலத் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கீழே கரீமா கதவைப் பூட்டிக்கொண்டு எங்களோடு டாக்ஸியில் ஏறினாள்.

நிலையத்துக் கடிகாரத்தில் ஒன்று நாற்பது. தௌலத் சொன்னாள். பாதியில் நிறுத்தினாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், மீதியையும் சொன்னாள். மேஜர் வஸ்ஃபி இரண்டு தரம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, "அம்மாவுக்கு ஒரு டீ கொண்டு வா, சர்க்கரை கம்மியா" என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காத மனிதர் பெஞ்சில் இருந்தார். அவருக்கு விலங்கு மட்டும் கழன்றது.

"அவருக்கும் டீ" என்றேன். "ரெண்டு. அக்காவுக்கும் சேத்து. சர்க்கரை நிறைய." என் முகத்தைப் பார்த்துவிட்டு மேஜர் கான்ஸ்டபிளுக்குத் தலையை ஆட்டினார்.

பஸ்யூனி மாமா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். நேராக மயாதாவிடம் போனார். "வலிக்குதாம்மா?" என்றார். அவள் அப்போதுதான், அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.

தௌலத் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "சரி பஸ்யூனி, மனசுல வச்சுக்காத. ஏதோ கெட்ட நேரம். வா, எல்லாரும் ஒண்ணாவே போயிடலாம்."

மாமா மேஜைக்குப் போனார். தஸ்பீஹ் மணியையும் சிகரெட்டையும் பையில் போட்டார். சாவிக் கொத்தைக் கையில் எடுத்து, வளையத்தை நெம்பி, நடுவிலிருந்து ஒரு பித்தளைச் சாவியை உருவினார்.

"உங்க வீட்டுச் சாவி மேடம். நீங்க ஊருக்குப் போறப்போ, மறந்துட்டு வெளிய நிக்கறப்போ உதவும்னு நீங்களே குடுத்தது. முப்பத்தொரு வருஷமா என் இடுப்புல இருக்கு. உங்க நகை, பணம், பொண்ணு எல்லாம் இந்தச் சாவிக்குப் பின்னாலதான் இருந்துச்சு. கெடுக்கணும்னு நினைச்சா நான் ஒரு க்ரீம் டப்பியைத் தேடியா போவேன்?"

நீட்டினார். தௌலத் விரல் நுனியால் வாங்கினாள். சாவி விரல்களுக்கு நடுவில் நழுவி, சிமெண்ட் தரையில் விழுந்து, மேஜைக்கு அடியில் போய் நின்றது.

பழக்கம் பாருங்கள், அவள் குனியாமல் மாமாவைப் பார்த்தாள். அவள் கையிலிருந்து எது விழுந்தாலும் எடுத்துக் கொடுக்கிறவர் அவர்தானே. மேஜர் அசையவில்லை. கான்ஸ்டபிள் அசையவில்லை. மயாதா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். பஸ்யூனி மாமா கரீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மூன்று சங்கிலியும் தொங்க, மேஜைக்கு அடியில் முட்டி போட்டு, தௌலத்தான் எடுத்தாள்.